ஒலி வருகிறது, படம் எங்கே?

பாட்டியின் பிறந்தநாளுக்கு நீங்கள் ஒரு காணொளி தயாரிக்கிறீர்கள். கைப்பேசியில் எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டி, பாடல் சேர்த்து முடிக்கவே இரண்டு வாரம் ஆகிவிட்டது. பாட்டி வீட்டில் இருப்பதோ பழைய டிவிடி கருவி. வட்டைப் போட்டால் மாமாவின் வாழ்த்துக் குரல் தெளிவாகக் கேட்கிறது. திரை மட்டும் ஒரே கறுப்பு!

வட்டு கெட்டுவிட்டது என்று எறிந்துவிடாதீர்கள். ஒலி வருகிறது என்றால் கருவி வட்டைப் படிக்கிறது என்று பொருள். கோளாறு வேறு இடத்தில்.

டிவிடியில் ஒரு படம் 720 x 576 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைட் என்று கணக்கிட்டுப் பாருங்கள். 4.7 கிகாபைட் வட்டு இரண்டரை நிமிடத்திலேயே நிரம்பிவிடும்! அதனால்தான் படத்தைச் சுருக்கிச் சேமிக்கிறோம். சுருக்கி விரிக்கும் இந்த முறைக்குக் 'கோடெக்' என்று பெயர். கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, ஏவிஐ எல்லாம் வெறும் பொட்டலம்தான். நாசி லெமாக் பொட்டலத்தை வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நெத்திலியா, கணவாயா என்று தெரியுமா?

அந்தப் பொட்டலத்துக்குள் படமும் ஒலியும் தனித்தனியாக, வெவ்வேறு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். இன்றைய கைப்பேசிகள் பல, 2013இல் வெளிவந்த எச்.265 முறையில் படத்தைச் சுருக்குகின்றன. டிவிடி தயாரிக்கும் பழைய மென்பொருளுக்கு அதை விரிக்கத் தெரியாது. ஒலிக்கான ஏஏசி முறையோ 1990களிலிருந்தே இருப்பது. ஆகவே மென்பொருள் ஒலியை எடுத்துக்கொண்டு படத்தை விட்டுவிடுகிறது. சில மென்பொருள்கள் பிழைச் செய்திகூடக் காட்டுவதில்லை, அதுதான் எரிச்சல்.

எங்கே தேடுவது? தொகுத்து முடித்த கோப்பை முதலில் கணினியில் ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் கறுப்பா? தொகுப்பு மென்பொருளில் படத் தடத்தின் கண் அடையாளம் அணைந்திருக்கலாம். கணினியில் படம் தெரிந்தால், சிக்கல் டிவிடி கட்டத்தில். விஎல்சி மென்பொருளில் கோடெக் விவரத்தைப் பாருங்கள். எச்.265 என்றிருந்தால், தொகுப்பு மென்பொருளுக்குத் திரும்பிப் போய் எச்.264 அல்லது எம்பெக்-2 முறையில் மீண்டும் ஏற்றுமதி செய்யுங்கள். டிவிடி வட்டில் பதியப்படுவது எம்பெக்-2தான். நம் வட்டாரத்துக்கு 'பால்' முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இன்னொன்று: தொகுப்பு மென்பொருள் சேமிக்கும் திட்டக் கோப்பில் படமே கிடையாது. எந்தக் காட்சியை எங்கே வெட்டுவது என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். "இடம் போதவில்லை" என்று மூலக் காட்சிகளை அழித்தவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மறுபடி எழுதக்கூடிய வட்டு ஒன்றில் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் பதிந்து, பாட்டியின் கருவியிலேயே சோதியுங்கள். மிகப் பழைய கருவிகள் சில இவ்வகை வட்டைப் படிப்பதில்லை. அப்படியானால் சாதாரண வட்டு ஒன்றைச் செலவழிக்க வேண்டியதுதான். மாமாவின் முகம் திரையில் தெரியும்வரை கைப்பேசியில் உள்ள எதையும் அழிக்காதீர்கள்.