பால் முதலில் யாருக்கு?

நெய்வேலியின் பெயரிலேயே நெய் இருக்கிறது. அதன் கீர்த்தியோ கரியினால் வந்தது. 1956-ல் கார்ப்பரேஷன் ஏற்பட்டது; 1962 முதல் அவ்வூர்ப் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகி நம் இல்லங்களில் விளக்கேற்றி வருகிறது. யந்திரத்திற்குக் கரி எப்படியோ, வளரும் தேகத்திற்குப் பால் அப்படியே. இதை நம் நாட்டிலேயே நிரூபித்திருக்கிறார்கள். 1930-களில் குன்னூர் ஆராய்ச்சிசாலையில் டாக்டர் அய்க்ராய்டு குழுவினர், அரிசியுணவே உண்டுவந்த குழந்தைகள் சிலருக்குக் கொழுப்பெடுத்த பாலும் சேர்த்துக் கொடுத்தனர். அவர்கள் உயரத்திலும் எடையிலும் மற்றக் குழந்தைகளை முந்தினர்.

13 முதல் 15 வயதுள்ளோர்க்கு நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2020-ஆம் வருஷத்து நிர்ணயம். பசும்பால் 100 மில்லியில் சுமார் 120 மில்லிகிராம் உண்டு. கேழ்வரகும் உதவும், ஆனால் நம் வீடுகளில் பாலின் பெரும்பங்கு பெரியவர்களின் காபிக்கன்றோ போகிறது!

கர்நாடகம் 2013-ல் பள்ளிப் பிள்ளைகளுக்கு 150 மில்லி பால் வழங்கத் தொடங்கிற்று. நம் சத்துணவில் முட்டை உண்டு, அது போற்றத்தக்கதே. அத்துடன் பாலும் சேரவேண்டுமென்று சர்க்காரை வற்புறுத்துகிறோம். நெய்வேலி போன்ற தொழில் நகரங்கள் இதில் வழிகாட்டலாம். அதுவரை, ஒரு வேளைக் காபியைத் துறந்து அப்பாலைப் பிள்ளைக்குக் கொடுக்க நம்மால் முடியாதா?