தொண்டை அடைத்தால் சுவர் தாங்காது

பாரிஸ் நகரின் நோத்ர தாம் பேராலயத்தை மழைநாளில் பார்க்க வேண்டும். வெயிலில் பார்க்கிறவர்களுக்கு அதன் உச்சியில் இருப்பவை வெறும் கல் மிருகங்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும்போதுதான் அவை வேலைக்கு வருகின்றன. சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மிருகமும் கூரைத் தண்ணீரை வாய் வழியே கக்குகிறது. சுவரில் ஒரு சொட்டும் வழியாதபடி, எட்ட, வெகு எட்டத் துப்புகிறது.

இவற்றைத்தான் கார்கோயில் என்கிறார்கள். தொண்டையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. ஜெர்மானியர்கள் ‘தண்ணீர் துப்பி’ என்ற பொருள்படவே பெயர் வைத்திருக்கிறார்கள். கருவறையிலிருந்து அபிஷேக நீரை வெளியே விடும் கோமுகியைப் பார்த்து வளர்ந்த நமக்கு, இந்தப் பெயர்ப் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

நாகக் கதையும் மழைக் கணக்கும்

கார்கோயில் என்றதும் எல்லோரும் சொல்வது ரூவான் நகரத்துக் கதை. ஏழாம் நூற்றாண்டில் அந்த ஊரைக் கார்கூய் என்ற பறவைநாகம் ஆட்டிப்படைத்ததாம். ஆயர் ரொமானுஸ் அதைப் பிடிக்கக் கிளம்பியபோது, மரண தண்டனை பெற்ற கைதி ஒருவன் மட்டுமே உடன் போகத் துணிந்தானாம். சிலுவை அடையாளத்தைக் கண்டு அடங்கிய நாகத்தை ஊருக்கு இழுத்து வந்து கொளுத்தினார்கள். உடல் எரிந்தது. நெருப்பு உமிழ்ந்தே பழகிய தலையும் கழுத்தும் எரியவில்லை. அவற்றைச் சுவரில் மாட்டிவைத்தார்கள் என்று கதை முடிகிறது. இதன் நினைவாக அந்த ஊர்ப் பேராலயக் குருக்கள் ஆண்டுக்கு ஒரு கைதியை விடுவிக்கும் உரிமையைப் பிரெஞ்சுப் புரட்சிக் காலம் வரை வைத்திருந்தார்கள்.

அருமையான கதைதான். ஆனால் அந்த நாகம் ஏடுகளில் தலைகாட்டுவது 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில். லான் நகரப் பேராலயத்திலோ 1220 வாக்கிலேயே கார்கோயில்கள் தண்ணீர் துப்பிக்கொண்டிருந்தன. அதற்கும் வெகுகாலம் முன்பே எகிப்தியக் கோயில்களின் கூரையில் சிங்கத்தலைத் தூம்புகள் இருந்தன. ஒலிம்பியாவில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த ஜீயஸ் கோயிலின் விளிம்பு நெடுகப் பளிங்குச் சிங்கங்கள் வாய் பிளந்து நின்றன. தண்ணீருக்கு வழி முதலில் வந்தது. அதற்கு முகமும் கதையும் பிறகு வந்தன.

தீய ஆவிகளை விரட்டவும், எழுத்தறியாத மக்களுக்கு நரகத்தைக் காட்டவும் இவற்றைச் செதுக்கினார்கள் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. முகம் ஏன் கோரமாக இருக்கிறது என்பதற்கு அது விடையாகலாம். கழுத்து ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கு மழைதான் விடை.

சுண்ணாம்புக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்து எழுப்பிய கட்டடம் நோத்ர தாம். ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் வழிந்தால் சாந்து கரையும், கல் அரிக்கும். இன்று நாம் மொட்டைமாடியிலிருந்து சுவரோரமாக இறக்கும் குழாய் அன்று பரவலாக இல்லை. லண்டனில் புது வீடுகளுக்கு அதைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்ததே 1724-ல்தான். அதனால் சிற்பி ஒரு நீண்ட கல்லை எடுத்தான். அதன் வால்பக்கத்தைப் பளு தாங்கும்படி சுவருக்குள் புதைத்தான். முதுகில் வாய்க்கால் வெட்டி, வாயில் கொண்டுபோய்த் திறந்தான்.

லானின் தொடக்ககாலக் கார்கோயில்கள் பருமனானவை, எண்ணிக்கையில் குறைந்தவை. அடுத்த இருபது ஆண்டுகளில் நோத்ர தாமில் வைத்தவை மெலிந்து நீண்டன, எண்ணிக்கையும் பெருகியது. பத்து இடத்தில் அருவியாகக் கொட்டும் தண்ணீரை நூறு இடத்தில் பிரித்துவிட்டால், கீழே விழும்போது அது வெறும் தூறல். கட்டடத்தைத் தாங்கும் வளைவு முட்டுகளின் முதுகிலேயே வாய்க்கால் அமைத்து, கூரைத் தண்ணீரை வெளி நுனிவரை ஓடவிட்டு, அங்கே ஒரு மிருகத்தின் வாயில் சேர்த்தார்கள். பொறியியல் கல்லூரி இல்லாத காலத்து மழைக் கணக்கு இது.

புகழ் ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு

நோத்ர தாமின் முகமாக உலகம் அறிந்த உருவம் ஒன்று உண்டு. கன்னத்தில் கைவைத்து, நாக்கை நீட்டி, பாரிஸைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொம்புப் பேய். அதன் தொண்டையில் துளையே கிடையாது. அது கார்கோயிலும் இல்லை, இடைக்காலத்ததும் இல்லை. விக்தோர் யூகோவின் 1831-ஆம் ஆண்டு நாவல் பாழடைந்து கிடந்த பேராலயத்தின் பக்கம் மக்களைத் திருப்பிய பிறகு, கட்டடக் கலைஞர் வியோலே லெ டுக் தலைமையில் 1864 வரை நடந்த திருப்பணியில் மாடத்தில் ஏற்றிய அலங்காரச் சிலை அது. படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் அந்தப் பேய் அமர்ந்திருக்கிறது. மழைதோறும் உழைக்கும் தொண்டைகளுக்குப் பெயர்கூட இல்லை.

என்னை உறுத்துவது இதுதான். முகத்தைப் பார்க்கும் கண் தொண்டையைப் பார்ப்பதில்லை. 2017-ல் அந்தப் பேராலயத்தின் நிலையைப் படம்பிடித்த செய்திகளில், சிதைந்து விழுந்த கார்கோயில்கள் இருந்த இடத்தில் பிளாஸ்டிக் குழாய்கள் செருகியிருந்தன. 2019 ஏப்ரல் 15 அன்று கூரை தீப்பற்றியபோது உலகமே கண்ணீர் விட்டது, பணம் கொட்டியது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாகப் பாடுபட்டு 2024 டிசம்பரில் கதவைத் திறந்தார்கள். தீ ஒரே இரவில் செய்வதை எல்லோரும் பார்க்கிறோம். அதே நாசத்தைத் தண்ணீர் நூறு ஆண்டுகளில் செய்கிறது. அதற்காக யாரும் அழுவதில்லை.

புறாக்கூட்டு வைக்கோலும் ஒரு கைப்பிடிச் சருகும் போதும், கல் தொண்டை அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத தண்ணீர் பின்வாங்கிச் சுவருக்குள் இறங்கும். குளிர்காலத்தில் அங்கேயே உறைந்து, ஏறத்தாழ ஒன்பது சதவீதம் பெருத்து, கல்லை உள்ளிருந்து பிளக்கும். இதைத் தடுக்கத் தேவையானது ஏணியும் வாளியும், ஆண்டுதோறும் தவறாமல் மேலே ஏறும் ஒரு மனிதரும்தான். திறப்பு விழா இல்லாத வேலை என்பதால் பழைய கட்டடங்களில் முதலில் கைவிடப்படுவதும் இதுதான்.

எந்த ஊரிலாவது ஒரு கார்கோயிலின் கீழே நிற்க நேர்ந்தால், முகத்தைப் படமெடுத்த பிறகு பார்வையைக் கொஞ்சம் இறக்குங்கள். வாய்க்குக் கீழே சுவர் காய்ந்திருந்தால் அந்தத் தொண்டை பேசுகிறது. பச்சைப் பாசி வழிந்திருந்தால் அங்கே பல ஆண்டுகளாக யாரும் ஏறவில்லை.