எல்லைக்கு முந்தைய கற்கள்

பெங்களூரின் தெற்கு வாசலில் உள்ள சந்தாபுராவைச் சுற்றி ஆயிரம் ஆண்டு வரலாறு வெயிலிலும் மழையிலும் கிடக்கிறது. அதில் பாதி தமிழ், பாதி கன்னடம்.

சந்தாபுரா சந்திப்பில் சுற்றிப் பார்ப்பதற்காக யாரும் இறங்குவதில்லை. பெங்களூரின் மையத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, ஓசூர் சாலையில் இருக்கிறது இந்த ஊர். கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள், ஆனேக்கல் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள், வாடகை வீடு தேடுகிறவர்கள் என்று எல்லோருக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. பூக்காரம்மா கன்னடத்தில் விலை சொல்கிறார். வாங்குபவர் தமிழில் பேரம் பேசுகிறார். பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் அலுத்துக்கொள்கிறார். மூவருக்கும் எல்லாமே புரிகிறது.

இந்தப் பேச்சு நேற்று தொழிற்பேட்டைகளோடு வந்ததல்ல. சந்தாபுராவை நடுவில் வைத்து இருபது கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால், அதற்குள் இருக்கும் கோயில் சுவர்களும் வயல் ஓரத்துக் கற்களும் இதே இருமொழிப் பழக்கத்துக்குச் சாட்சி சொல்கின்றன.

முதலில் நகரத்தை நோக்கிப் போகலாம். ஓசூர் சாலை நகருக்குள் நுழையும் இடத்தில் மடிவாளா. காய்கறிச் சந்தைக்கும் ஆம்னி பஸ்களுக்கும் பேர்போன இடம். இங்குள்ள சோமேஸ்வரர் கோயிலின் வெளிச் சுவர்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒன்று 1247ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வேப்பூர்க்காரர் ஒருவர் கொடுத்த நிலத்தைப் பதிவு செய்கிறது. இன்னொன்று வெங்களூரின் பெரிய ஏரிக்குக் கீழே இருக்கும் நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. வேப்பூர் இன்றைய பேகூர். வெங்களூர் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

பொம்மனஹள்ளியிலிருந்து திரும்பினால் அந்தப் பேகூருக்கே போய்விடலாம். அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே, ஏரிக்கரையில், கங்க மன்னர்கள் காலத்து நாகேஸ்வரர் கோயில். இங்கே உள்ள ஒரு கன்னடக் கல்வெட்டுதான் பெங்களூரின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. சுமார் கி.பி. 900 வாக்கில் நடந்த 'பெங்களூர்ப் போரில்' ஒருவன் உயிர்விட்டதை அது சொல்கிறது. கெம்பே கௌடர் 1537இல் கோட்டை கட்டி நகரை உருவாக்கினார் என்பது பள்ளிப் பாடம். அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தப் பெயரில் ஓர் ஊர் இருந்திருக்கிறது, அதற்காகச் சண்டையும் நடந்திருக்கிறது.

வேப்பூர் பேகூர் ஆவதும் வெங்களூர் பெங்களூர் ஆவதும் தற்செயல் அல்ல. தமிழில் 'வ' வரும் இடத்தில் கன்னடத்தில் அழுத்தமான 'ப' வரும். நம் 'வா' அவர்களுக்கு 'பா', 'வேர்' அவர்களுக்கு 'பேரு'. அதேபோல நம் 'ப' அங்கே 'ஹ' ஆகும். பால் 'ஹாலு', புலி 'ஹுலி', பள்ளி 'ஹள்ளி'. இந்த இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டு பயணம் செய்தால் ஓசூர் சாலையின் ஊர்ப் பலகைகள் எல்லாம் பழகிய முகங்களாகிவிடும்.

இப்போது எதிர்த் திசையில், தெற்கே. சந்தாபுராவிலிருந்து அத்திப்பள்ளி தாண்டினால் தமிழ்நாடு. முதல் ஊரான ஓசூரின் பெயர் கன்னடம். 'ஹொச ஊரு', அதாவது புதூர். பழைய கல்வெட்டுகளில் இந்த ஊருக்குச் செவிடபாடி என்று பெயர். ஆக, கர்நாடகத்தின் மடிவாளாவில் தமிழ்ச் சுவர், தமிழ்நாட்டின் ஓசூருக்குக் கன்னடப் பெயர். எல்லைக்கோடு எங்கேயோ தவறாகப் போடப்பட்டுவிட்டதோ என்று தோன்றலாம். உண்மையில் அந்தக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டபோது அப்படி ஒரு கோடே இல்லை. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர்கள் கங்கர்களிடமிருந்து இந்தப் பகுதியைக் கைப்பற்றினார்கள். பிறகு ஹொய்சாளர்கள் வந்தார்கள். கன்னட மன்னர்களான அவர்கள் காலத்திலும் இந்த வட்டாரத்தில் தமிழில் கல்வெட்டுகள் தொடர்ந்தன. ஹொய்சாள வீர ராமநாதன் 13ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள குந்தாணியிலிருந்து ஆண்டான்.

கோடு வந்தது பீரங்கியோடு. 1791 ஜூலையில் கம்பெனிப் படைகள் ஓசூரையும் ராயக்கோட்டை மலைக்கோட்டையையும் பிடித்தன. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாராமகாலை இழந்தார். 1799இல் திப்பு மாண்ட பிறகு ஓசூர் கம்பெனிக்கு, ஆனேக்கல் மைசூர் அரசுக்கு என்று பங்கு பிரிந்தது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோதும் ஓசூர் சென்னை மாநிலத்திலேயே நீடித்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, ஓசூரில் பள்ளியிலும் பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் படித்தவர். அவர் பிறந்த வீடு இன்று நினைவில்லம்.

இருநூறு வயதைச் சற்றே தாண்டிய இந்தக் கோட்டுக்காக இரண்டு பக்கமும் கொடுத்த விலை அதிகம். காவிரிப் பிரச்சினையில் 1991 டிசம்பரில் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் எரிந்தன. அத்திப்பள்ளியில் வண்டிகள் நின்றன. அப்படிப்பட்ட நாட்களில் கல்வெட்டுகளையும் சண்டைக்கு இழுப்பவர்கள் உண்டு. "பார், எங்கள் மொழிதான் முதலில்" என்று. கல்வெட்டுகளோ அதைப் பற்றிப் பேசவே இல்லை. எந்த ஏரிக்குக் கீழே எவ்வளவு நிலம், எந்தக் கோயிலுக்கு எந்த வரி விலக்கு, ஊரைக் காக்க யார் செத்தான் என்பதுதான் அவற்றின் கவலை. படிப்பவனுக்குப் புரிய வேண்டும் என்பதற்காக அந்தந்த ஊரில் புழங்கிய மொழியில் எழுதினார்கள்.

வட்டத்துக்குள் கற்கள் மட்டும் இல்லை. சந்தாபுராவிலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டரில் ஆனேக்கல். அதைத் தாண்டினால் மழைக்காலத்துக்குப் பின் அருவி கொட்டும் முத்யால மடுவு. அந்தப் பக்கத்துக் காடு பன்னேர்கட்டாவிலிருந்து தமிழ்நாட்டின் தளி, ஜவளகிரி வரை நீள்கிறது. அதில் போய்வரும் யானைகளுக்குச் சோதனைச் சாவடி கிடையாது. வடக்கே ஹுஸ்கூரில் மத்தூரம்மா கோயில். கோடைத் தொடக்கத்துத் திருவிழாவுக்குச் சுற்றுக் கிராமங்கள் நூறு அடிக்கும் மேல் உயரமான தேர்களைக் கட்டி, மாடுகள் பூட்டி இழுத்துவருகின்றன. உயரத்தில் போட்டி வந்தபோது ஆபத்தும் வந்தது. 2024இல் ஒரு தேர் சாய்ந்தது. 2025 மார்ச்சில் தேர்கள் சரிந்து உயிர்கள் போயின.

ஆனால் இந்த நிலத்தின் பெரிய ஆபத்து வேறு. கல்வெட்டுகள் விடாமல் பேசும் ஏரிகள்தான் முதலில் செத்துக்கொண்டிருக்கின்றன. சந்தாபுரா ஏரி தொழிற்சாலைக் கழிவிலும் சாக்கடையிலும் நாறியதற்காக, 500 கோடி ரூபாய் இழப்பீடு ஒதுக்கும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசுக்கு உத்தரவிட்டது. பெங்களூரின் கழிவைச் சுமந்து தென்பெண்ணை இறங்கும்போது ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்குகிறது. மொழிக்குக் கோடு போட்டவர்களால் சாக்கடைக்குக் கோடு போட முடியவில்லை.

கற்களின் கதையும் இதே. பெங்களூரில் பிறந்த லூயிஸ் ரைஸ் என்ற ஆங்கிலேயர், பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை ஊர் ஊராகத் திரட்டி 1905இல் 'எபிகிராபியா கர்நாடிகா'வின் ஒன்பதாம் தொகுதியாக வெளியிட்டார். ஆனேக்கல் தாலுகாவும் அதில் உண்டு. அவர் பதிந்த கற்களில் பல இன்று இடத்தில் இல்லை. சாலை அகலமானபோது சில, மனை பிரித்தபோது சில, வீட்டு அஸ்திவாரத்தில் சில என்று போய்விட்டன. கோயில் சுவர்கள் மேல் பூசிய சுண்ணாம்பும் பெயின்ட்டும் எழுத்தை மூடிவிட்டன. கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம் வந்து சேரும் என்று இத்தகைய கற்களின் முடிவில் ஒரு சாபம் இருப்பது வழக்கம். மண் அள்ளும் இயந்திரத்துக்குப் படிக்கத் தெரியாது.

ஆறுதலும் இருக்கிறது. 2018இல் ஹெப்பாளில் சாக்கடை தோண்டும்போது சுமார் கி.பி. 750ஐச் சேர்ந்த கிட்டய்யாவின் நடுகல் கிடைத்தது. அந்த வட்டாரத்து மக்களே சேர்ந்து அதைக் காப்பாற்றினார்கள். 1909இல் தொடங்கப்பட்ட பெங்களூர் மிதிக் சொசைட்டி, 2021 முதல் இந்த வட்டாரக் கல்வெட்டுகளை முப்பரிமாண முறையில் ஸ்கேன் செய்து பதிந்து வருகிறது. கல் போனாலும் எழுத்து மிஞ்சும். ஆனால் கல் நின்ற இடம் போனால், எந்த ஏரி, எந்த வயல் என்ற பொருள் போய்விடும்.

போய்ப் பார்க்க இதுவே தருணம். 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் தடம் சந்தாபுராவுக்குச் சற்று முன்னால் பொம்மசந்திரா வரை வருகிறது. அங்கிருந்து பஸ், ஆட்டோ. வயலோரத்தில் கல் தென்பட்டால் கீழிருந்து மேலே பாருங்கள். அடித்தட்டில் சண்டை, நடுவில் வீரனைத் தூக்கிச் செல்லும் தேவமகளிர், மேலே லிங்கத்தின் முன் அவன். தட்டுகளுக்கு நடுவே எழுத்து இருக்கும். சாக்பீஸ் தேய்க்காதீர்கள், எண்ணெய் ஊற்றாதீர்கள். படம் எடுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் இது என்ன கல் என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் போதும், கன்னடத்தில் பதில் வரும். அவருக்கும் தெரியாவிட்டால், அன்று முதல் அந்தக் கல்லை விசாரிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதாவது அவருக்குத் தெரிந்துவிடும்.