வேனின் மூளை பழுதானால்?

ஒரு பள்ளி வேனைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலையில் சாவியைத் திருப்பியதும் நன்றாகவே கிளம்புகிறது. அரைமணி நேரம் ஓடியபின், எந்த முன்னறிவிப்பும் இன்றி நடுச்சாலையில் எஞ்சின் நின்றுவிடுகிறது. உள்ளே பத்துக் குழந்தைகள். பின்னால் வரும் லாரிக்காரர் ஹாரனை அலறவிடுகிறார். இருபது நிமிடம் காத்திருந்து, எஞ்சின் ஆறியதும் மறுபடி சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடுகிறது!

இது வெறும் தொல்லை மட்டுமன்று, ஆபத்தும்கூட. வேனின் பிரேக்குக்குத் துணைசெய்யும் வெற்றிடம் எஞ்சினின் உறிஞ்சலால்தான் உண்டாகிறது. எஞ்சின் நின்றபின் ஓரிரு முறை பிரேக்கை மிதிப்பதற்குள் அந்த வெற்றிடம் தீர்ந்துவிடும். பிறகு பலங்கொண்ட மட்டும் மிதிக்கவேண்டியிருக்கும்.

மெக்கானிக் பார்க்கிறார். “கம்ப்யூட்டர் போச்சு சார், மாத்தணும்” என்கிறார். பல ஆயிரம் ரூபாய் விலையுள்ள பொருள் அது. அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குமுன், அந்தக் கணிப்பொறிக்கு வேனுக்குள் என்ன வேலை என்று பார்ப்போம்.

1984 இல் மாருதி வேன் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தபோது அதன் எஞ்சினில் கணிப்பொறி ஏதும் கிடையாது. கார்பரேட்டர்தான் இருந்தது. குறுகிய கழுத்து வழியே காற்று விரைந்து செல்லும்போது அதன் அழுத்தம் குறைகிறது. அந்த இடத்தில் பெட்ரோல் தானே உறிஞ்சப்பட்டுக் காற்றுடன் கலக்கிறது. எளிய, அழகான ஏற்பாடு. ஆனால் துல்லியம் போதாது. பெட்ரோல் முழுமையாக எரிய, ஒரு கிராம் பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். புகைக்குழாயில் பொருத்தப்படும் வினையூக்கி மாற்றி நச்சு வாயுக்களை நன்கு அழிக்கவேண்டுமானால், கலவை இந்த அளவை விட்டு அதிகம் விலகக்கூடாது. மலையேறினாலும், மழை பெய்தாலும், குளிரானாலும் இந்தக் கணக்குப் பிசகாமல் காப்பது கார்பரேட்டரால் ஆகாத காரியம்.

1967 இல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் வோக்ஸ்வாகன் 1600 காருக்காக, பெட்ரோலை மின்னணு முறையில் பீய்ச்சும் கருவியை வெளியிட்டது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் இருந்தவை சில டஜன் டிரான்சிஸ்டர்களே. அதைக் கணிப்பொறி என்று சொல்ல முடியாது. 1979 இல் அதே நிறுவனம் பி.எம்.டபிள்யூ. 732 ஐ காரில், பெட்ரோல் பீய்ச்சுவதையும் தீப்பொறி எழுப்புவதையும் ஒரே நுண்செயலியிடம் ஒப்படைத்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பாரத் ஸ்டேஜ் 6 புகை விதி நாடெங்கும் நடப்புக்கு வந்துவிட்டது. இனி இந்தப் பெட்டி இல்லாத புது வேனை நீங்கள் காண முடியாது.

அதன் வேகத்தைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பாருங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறது என்றால் வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றுக்கு 20 மில்லி வினாடி. ஒரு பாகை திரும்ப ஆகும் நேரம் அதில் 360 இல் ஒரு பங்கு, அதாவது வினாடியைப் பத்து லட்சமாகக் கூறிட்டால் அதில் சுமார் 56 கூறு. நான்கு சிலிண்டர் எஞ்சினில் வினாடிக்கு 100 தடவை, ஒவ்வொரு தடவையும் ஓரிரு பாகைக்குள், தீப்பொறி விழுந்தாக வேண்டும்!

இவ்வளவு கெட்டிக்காரப் பெட்டிக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. தன்னிடம் வரும் ஒயர்களில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்பது ஒன்றே அதற்குத் தெரியும். ஆகவே அது பல உணர்விகளுக்கு 5 வோல்ட் மின்சாரத்தை அனுப்பிவைக்கிறது. உணர்வி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. மிதிக்கட்டை எவ்வளவு அழுந்தியிருக்கிறது, உறிஞ்சுகுழாயில் காற்றின் அழுத்தம் எவ்வளவு, முக்கியமாக, கிராங்க் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பனவெல்லாம் இப்படித்தான் அதற்குத் தெரிகின்றன. கிராங்க் உணர்வியிடமிருந்து செய்தி வராவிட்டால், எப்போது பொறி எழுப்புவது என்று தெரியாமல் கணிப்பொறி கையைக் கட்டிக்கொண்டுவிடும். எஞ்சின் நிற்கும்.

நம் பள்ளி வேனுக்கு வருவோம். ஸ்டியரிங்கின் கீழே 16 துளைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கிறது. அதில் சோதனைக் கருவியைச் செருகினால், கணிப்பொறி குறித்துவைத்துள்ள பழுது எண்களைப் படிக்கலாம். ‘பி 0335’ என்று வருகிறது: கிராங்க் உணர்விச் சுற்றில் கோளாறு. உடனே புது உணர்வி வாங்கிப் பொருத்துகிறார்கள். மறுநாள் அதே இடத்தில் வேன் நிற்கிறது! “புதுசு போட்டும் சரியாகலை, அப்ப கம்ப்யூட்டர்தான்” என்ற முடிவு இங்கேதான் பிறக்கிறது.

அவசரப்படக்கூடாது. அந்த எண் ‘உணர்வி கெட்டது’ என்று சொல்லவில்லை. ‘சுற்றில்’ கோளாறு என்றுதான் சொல்கிறது. உணர்வி, ஒயர், செருகி, அதற்கு வரும் மின்சாரம் எல்லாம் சேர்ந்ததுதான் சுற்று. அதோடு, பட்டியலில் இன்னும் இரண்டு எண்கள் இருக்கின்றன: ‘பி 0122’, ‘பி 0107’. மிதிக்கட்டையைப் பின்பற்றும் வால்வின் உணர்வியிலும் காற்றழுத்த உணர்வியிலும் வோல்ட் குறைவு என்று பொருள். மூன்று உணர்விகள் ஒரே நிமிடத்தில் பேசிவைத்துக்கொண்டு கெட்டுப்போகுமா? மூன்றுக்கும் பொதுவானது எது என்று தேடவேண்டும். இந்த வேனில் மூன்றுக்கும் பொதுவானது அந்த 5 வோல்ட்.

வேன் சூடாகி நின்றவுடன், சாவி போட்டபடி இருக்க, 5 வோல்ட் ஒயரில் மீட்டரை வைத்துப் பார்த்தால் 2 வோல்ட்தான் காட்டுகிறது. இப்போதும் பெட்டியைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஏதோ ஓர் உணர்வி உள்ளுக்குள் குறுக்கிணைப்பு ஆகி, எல்லாருக்கும் பொதுவான மின்சாரத்தைத் தானே விழுங்கிக்கொண்டிருக்கலாம். ஆகவே உணர்விகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவேண்டும். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லையா? வழியில் ஒயர் தோலுரிந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பெட்டியின் செருகியிலேயே அந்த ஒயரைப் பிரித்துவிட்டு, பெட்டியின் முனையில் அளக்கவேண்டும். பெட்டிக்கு வரும் பேட்டரி மின்சாரமும் எர்த்தும் சரியாக இருந்தும், அங்கேயும் 2 வோல்ட்தான் என்றால், இப்போது சொல்லலாம்: பழுது பெட்டிக்குள் இருக்கிறது.

எர்த் என்றேன். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினையும் பேட்டரியையும் இணைக்கும் எர்த் பட்டையில் துரு ஏறி, மின்தடை 0.02 ஓம் ஆகியிருக்கிறது. ஓம் விதிப்படி 150 ஐ 0.02 ஆல் பெருக்குங்கள். 3 வோல்ட் அங்கேயே வீணாகிறது. சுற்றும்போது பேட்டரியே 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அந்த வழியை நம்பியிருக்கும் கணிப்பொறிக்கு மிஞ்சுவது 7 வோல்ட். பாவம், அது எப்படி வேலை செய்யும்? உப்புத்தாளால் பட்டையைத் தேய்த்திருந்தால் தீரக்கூடிய குறைக்காக நல்ல பெட்டியை மாற்றுவது என்ன நியாயம்?

சரி, பெட்டிதான் பழுது. அது ஏன் பழுதாயிற்று? நம் வேனைப்போல் சூட்டில் மட்டும் வரும் கோளாறு, பெரும்பாலும் ஈயப் பற்றில் விழுந்த மயிரிழை விரிசலாக இருக்கும். சூட்டில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் வருடக்கணக்கில் உழைத்த பற்று அது. முன் கண்ணாடி ஓரமாகக் கசியும் மழைநீர் ஒயர் வழியே இறங்கிப் பெட்டிக்குள் புகுவதும் உண்டு. பேட்டரியைக் கழற்றாமல் வண்டியில் வெல்டிங் வைப்பது, 24 வோல்ட் லாரியிலிருந்து ஒயர் கொடுத்து 12 வோல்ட் வேனைக் கிளப்புவது ஆகியவை மனிதர் செய்யும் கொலைகள்.

இன்னொரு கொலைகாரன் மறைந்தே இருப்பான். பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சுருள் ஏறத்தாழ 12 ஓம். 12 வோல்ட்டில் ஓர் ஆம்பியர் ஓடும். சுருள் கெட்டு 2 ஓம் ஆகிவிட்டால் 6 ஆம்பியர் ஓடும். தற்காப்பு இல்லாத பழைய பெட்டியில் அதை இயக்கும் டிரான்சிஸ்டர் கருகிவிடும். இன்ஜெக்டரைப் பாராமல் புதுப் பெட்டியை மாட்டினால் அதற்கும் அதே கதிதான்.

மாற்றும் வேலை கைக்கு எளிது. பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிச் சிறிதுநேரம் பொறுத்து, செருகியின் பூட்டைத் திறந்து, நான்கு போல்ட்டைக் கழற்றினால் பெட்டி கையில். செருகியில் பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பாருங்கள். புதுப் பெட்டியைத் தொடுமுன் வண்டியின் இரும்பைத் தொட்டு, உங்கள் உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்ட எண், கடைசி எழுத்துவரை பழையதோடு ஒத்திருக்கவேண்டும். வெளியே ஒரே அச்சாக இருக்கும் இரு பெட்டிகளுக்குள் வேறு வேறு எஞ்சினுக்கான கணக்குகள் இருக்கலாம்.

எண் ஒத்த பழைய பெட்டியை இரும்புக்கடையில் வாங்கி மாட்டினால், பல வேன்கள் ஓரிரு வினாடி ஓடி நின்றுவிடும். சில கிளம்பவே கிளம்பா. காரணம், திருட்டுத் தடுப்பு ஏற்பாடு. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறு சில்லு இருக்கிறது. அதற்குப் பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் எழுப்பும் காந்தப்புலமே அதற்கு மின்சாரம் தருகிறது. சில்லு தன் ரகசிய எண்ணைச் சொல்கிறது. கணிப்பொறி தன் நினைவிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டு, ஒவ்வாவிட்டால் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. வேறொரு வேனிலிருந்து வந்த பெட்டிக்கு உங்கள் சாவி அந்நியன்தானே!

இதற்கு வழிகள் உண்டு. நிறுவனத்தின் கருவியைக் கொண்டு சாவிகளைப் புதுப் பெட்டிக்கு அறிமுகப்படுத்தலாம். சில வகைப் பெட்டிகளில், அந்த ரகசியத்தைத் தாங்கிய எட்டுக் கால் நினைவுச் சில்லைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் பற்றவைத்துவிடுகிறார்கள் கைதேர்ந்தவர்கள். அப்படிப்பட்டவர் கிடைத்தால், முதலில் பழைய பெட்டியின் விரிசலையே பற்றவைக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்துவிட்டால் சாவிச் சிக்கலே எழாது. செலவும் மிகக் குறைவு. பெட்டிக்குள் பசை ஊற்றி மூடியிருந்தால் மட்டும் அது கடினம்.

வெற்றுப் பெட்டி வாங்கினால் அதற்குள் நிரலை ஏற்றவேண்டும். அந்த நேரத்தில் பேட்டரி சோர்ந்துவிட்டால் பாதி எழுதிய நிரலோடு பெட்டி செங்கல்லாகிப் போகும். ஆகவே சீரான மின்சாரம் தரும் சார்ஜரை இணைத்துக்கொண்டே இதைச் செய்வார்கள்.

மாற்றிய பின் முதல் சில நாட்கள் எஞ்சின் சற்றுத் தடுமாறினால் அஞ்சவேண்டாம். பழைய பெட்டி, தேய்ந்த உங்கள் எஞ்சினுக்கு ஏற்பப் பெட்ரோல் அளவைத் திருத்தித் திருத்திக் கற்றுவைத்திருந்தது. புதியது அந்தப் பாடத்தை முதலிலிருந்து படிக்கவேண்டும். குழந்தைகளை ஏற்றுமுன் ஓட்டுநர் வேனை வெறுமையாக ஒரு மணி நேரமாவது, எஞ்சின் நன்கு சூடேறும்வரை, ஓட்டிப் பார்க்கட்டும். பழைய பெட்டியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் சாவியின் ரகசியம் இன்னும் அதற்குள் இருக்கிறது. புதியது என்றைக்காவது கெட்டால் அந்த எட்டுக் கால் சில்லு தேவைப்படும்.