போல்ட் எங்கே பிடித்திருக்கிறது? பழைய கார் சஸ்பென்ஷனும் கொஞ்சம் இயற்பியலும்

பதினைந்து இருபது வருஷம் ஓடின காரில் சஸ்பென்ஷன் புஷ் மாற்ற அரை மணி நேரம் ஆகும் என்றால், அதைப் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்ற அரை நாள் ஆகும். கடலோர ஊரில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். பட்டறையில் வழக்கமான வைத்தியம் மூன்று: எண்ணெய் அடி, பைப் போட்டு இழு, வரலைன்னா கேஸ் வை. மூன்றுமே சில சமயம் பலிக்கும், சில சமயம் காரியத்தைக் கெடுக்கும். ஏன் அப்படி என்று தேடிப் படித்ததன் குறிப்பு இது.

மாருதி 800 மாதிரி ஒரு காரை எடுத்துக்கொள்வோம். முன்சக்கரத்தின் லோயர் ஆர்ம், உள்பக்கம் ஒரு ரப்பர் புஷ் வழியாக பாடியோடு சேர்கிறது. புஷ் என்பது மூன்று அடுக்கு. வெளியே ஒரு இரும்புக் குழாய், நடுவில் ரப்பர், உள்ளே இன்னொரு சின்ன இரும்புக் குழாய். போல்ட் இந்த உள்குழாய்க்குள் நுழைந்து போகும். நட்டை முறுக்கியதும் பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் உள்குழாயை இறுக்கிப் பிடித்துவிடும். சக்கரம் ஏறி இறங்கும்போது உள்குழாய் திரும்பாது, ரப்பர்தான் முறுங்கிக் கொடுக்கும்.

ஆக, போல்ட்டும் உள்குழாயும் பல வருஷம் அசையாமல் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. நடுவில் மயிரிழை இடைவெளி. அதில் தண்ணீர் புகுந்து துருப்பிடித்தால், துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இடைவெளி அடைத்து, போல்ட்டும் குழாயும் ஒரே கட்டையாகிவிடும்.

முதலில் நோயைக் கண்டுபிடிக்கணும்

போல்ட் தலையில் ஸ்பானர் போட்டு நிதானமாகத் திருப்பிப் பாருங்கள்.

நட் அசையவே இல்லை என்றால் மரையில் பிடித்திருக்கலாம்.

நட் கழன்று வந்துவிட்டது, ஆனால் போல்ட் கொஞ்சம் திரும்பி, விட்டதும் ஸ்பிரிங் மாதிரி பழைய இடத்துக்கே வருது என்றால், உள்குழாயில் பிடித்திருக்கிறது. நீங்கள் திருப்புவது போல்ட்டை அல்ல, ரப்பரை. ஏர் கன் இங்கே தோற்பதும் இதனால்தான். அது கொடுக்கும் அடியை எல்லாம் ரப்பர் விழுங்கிவிடும்.

மூன்றாவது வகைதான் கொடுமை. சில வண்டிகளில் நட் தனியாக இருக்காது, பிராக்கெட்டுக்குள்ளேயோ சேஸிஸ் பெட்டிக்குள்ளேயோ வெல்டிங் செய்து வைத்திருப்பார்கள். பலமாக இழுத்தால் அந்த வெல்டிங் விட்டுப்போய் நட் உள்ளேயே சும்மா சுற்றும். நூறு இருநூறு ரூபாய் போல்ட்டுக்காகச் சேஸிஸை வெட்டித் திறக்கும் நிலை வரும்.

பைப் போட்டு இழுப்பதன் கணக்கையும் பாருங்கள். ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 40 கிலோ எடை கொடுத்தால் கிட்டத்தட்ட 400 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ., 8.8 தர போல்ட் மரைப் பகுதியில் முறிய அதில் பாதிகூட வேண்டாம்.

மரையில் பிடித்திருந்தால்

எண்ணெய் இங்கே உதவும். கம்பி பிரஷ்ஷால் வெளியே தெரியும் மரையைச் சுத்தம் செய்து, எண்ணெய் அடித்து ஒரு ராத்திரி விடுங்கள். டபிள்யூ.டி.-40 என்ற பெயரே தண்ணீரை விலக்குவதற்கான 40-வது முயற்சி என்று பொருள்படும். 1953-ல் துருவைத் தடுக்கச் செய்த திரவம் அது. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனியாக எண்ணெய்கள் உண்டு, அவைதான் இதற்கு மேல்.

பன்னிரண்டு முனை ரிங் ஸ்பானரைவிட ஆறு முனை சாக்கெட் நல்லது, தலை மழுங்காது. ஒரே பக்கமாக இழுக்காமல், துளி இறுக்கி, துளி தளர்த்தி, முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். துரு பொடியாகும்.

அடுத்தது சூடு. சூட்டை நட்டுக்குத்தான் கொடுக்கணும், போல்ட்டுக்கு அல்ல. இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரான் விரியும். 12 மி.மீ. துளையுள்ள நட்டை 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.04 மி.மீ. பெரிதாகும். கேட்கச் சின்னதுதான், ஆனால் துருவின் பிடியை உடைக்க அது போதும். சூடு வைத்த நட்டையும் போல்ட்டையும் திரும்பப் போடாதீர்கள், அவற்றின் பலம் குறைந்திருக்கும்.

உள்குழாயில் பிடித்திருந்தால்

எண்ணெய் அவ்வளவு நீளம் உள்ளே போய்ச் சேர்வது சந்தேகம். சூடு வைத்தால் ரப்பர் எரியும். இங்கே நல்ல வழி அறுப்பதுதான். உள்குழாயின் நுனிக்கும் பிராக்கெட்டின் காதுக்கும் நடுவே ஹேக்ஸா பிளேடையோ மின்ரம்பத்தையோ நுழைத்து, இரண்டு பக்கமும் அறுத்தால் ஆர்ம் கையோடு வந்துவிடும். புஷ்ஷை எப்படியும் மாற்றத்தானே போகிறோம்? போல்ட் துண்டோடு சேர்த்து அதை லேத் பட்டறையில் பிரஸ் வைத்துத் தள்ளிவிடலாம். நட் வெல்டிங் செய்த வண்டி என்றால், அதன் பக்கம் நிற்கும் துண்டை இனி தனியாக, பதமாகச் சூடு காட்டி எடுக்கலாம். நட்டுக்கும் ஆபத்து குறைவு.

பத்திரம்

வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது கீழே போகாதீர்கள். பலமாக இழுக்கும் வேலை இது, ஸ்டாண்ட் கட்டாயம். சூடு வைக்கும் முன் பெட்ரோல் பைப்பும் பிரேக் ஹோஸும் எங்கே போகின்றன என்று பாருங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் தீ காட்டவே கூடாது, பாஸ்ஜீன் என்ற விஷவாயு உண்டாகும்.

திரும்பப் போடும்போது

புது போல்ட் பழையதன் தரத்திலேயே இருக்கணும். தலையில் 8.8 என்றால் இழுவிசை வலு 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதத்தில் நிரந்தரமாக நீளத் தொடங்கும். 10.9 இருந்த இடத்தில் 8.8 போடக் கூடாது. போல்ட்டின் நடுத்தண்டில், உள்குழாய்க்குள் இருக்கப்போகும் பகுதியில், ஆன்டி-சீஸ் கிரீஸ் தடவுங்கள். மரையில் தடவினால் அதே முறுக்கில் போல்ட் அதிகமாக இழுபடும், அதனால் அங்கே வேண்டாம்.

கடைசியாக, பலரும் விடுவது ஒன்று: இறுதி இறுக்கம், வண்டி தன் எடையோடு சக்கரத்தில் நிற்கும்போதுதான். தூக்கி வைத்தே இறுக்கினால், இறக்கியதும் புது ரப்பர் எப்போதும் முறுங்கிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். பிறகு வீல் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள்.