மோதிரம் ஒளிந்திருக்கும் ரொட்டி

டப்ளின் நகரில் அக்டோபர் மாசக் கடைசியில் சீக்கிரமே இருட்டிவிடும். அந்தக் குளிருக்கு அயர்லாந்துப் பெண்கள் சுடுவது 'பார்ம்பிராக்' என்ற பழ ரொட்டி. 31-ந் தேதி ஹாலோவீன் அன்று உள்ளே ஒரு மோதிரமும் வைப்பார்கள். யார் துண்டில் வருகிறதோ, அவருக்கு வருஷத்துக்குள் கல்யாணமாம்!

முதல் தடவை நான் அவசரப்பட்டு, உலர்ந்த பழத்தை அப்படியே மாவில் கொட்டினேன். ரொட்டியா அது, வறட்டி! பக்கத்து வீட்டுப் பாட்டிதான், "ராத்திரி பூரா டீயில ஊறணும்மா" என்று சொல்லிக் கொடுத்தார்.

உலர்திராட்சை 350 கிராம், பழுப்புச் சர்க்கரை 125 கிராம் இரண்டையும் 300 மி.லி. சூடான கடுந்தேநீரில் (பால் கூடாது) போட்டு மூடி வையுங்கள். காலையில் மைதா 225 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், முட்டை 1, பட்டை, ஜாதிக்காய், கிராம்புப் பொடி எல்லாமாக 1 டீஸ்பூன் சேர்த்துக் கலக்குங்கள். வெண்ணெயே வேண்டாம். நெய் தடவிய டின்னில் ஊற்றி, 170 டிகிரி சூட்டில் சுமார் ஒரு மணி நேரம் விடுங்கள். குச்சி ஒட்டாமல் வந்தால் சரி. மோதிரத்தை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வையுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் வைக்கவே வேண்டாம்.

அந்த வருஷம் மோதிரம் வந்தது பாட்டியின் துண்டில்தான்! "இனிமே எவன் வரப்போறான்?" என்று சிரித்தவர், அதை என் மகள் விரலில் போட்டார். தனியாக இருப்பவர், அன்று வெகுநேரம் எழுந்து போகவே இல்லை.