எரிபொருளை மிச்சம் பிடிக்கும் தொழில்! பொய்யானது எது? நிலைத்தது எது?

"இந்தச் சிறு கருவியைக் காரில் மாட்டுங்கள். பெட்ரோல் செலவில் கால் பங்கு குறையும்!"

இப்படி விளம்பரம் வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது? பெட்ரோலில் மிஞ்சும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு ஆகுமே!

இந்த ஆசையை நம்பி அமெரிக்காவில் எத்தனையோ சிறு தொழில்கள் தோன்றின. பல மறைந்தன. சில நிலைத்தன. காரணம் என்ன?

வந்தது பஞ்சம்

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்தின. பெட்ரோல் விலை ஏறியது. பங்குகளில் கார்கள் வரிசை வரிசையாக நின்றன.

விதவிதமான கருவிகள் விற்பனைக்கு வந்தன. பெட்ரோல் குழாயில் கட்டும் காந்தம், என்ஜினுக்குள் காற்றைச் சுழல விடும் தகடு, தொட்டியில் போடும் மருந்து!

அமெரிக்க அரசாங்கத்தின் சுற்றுப்புறப் பாதுகாப்பு இலாகா, இத்தகைய கருவிகளில் 100-க்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்து பார்த்தது. மிகச் சிலவே சிறிதளவு பலன் தந்தன. சில கருவிகள் என்ஜினையே கெடுக்கக் கூடியவை.

ஏன் பலன் இல்லை? நல்ல என்ஜினில் பெட்ரோல் அநேகமாக முழுவதும் எரிந்து விடுகிறது. எரியாமல் வீணாவது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தில் கால் பங்கு மிச்சம் எப்படிக் கிடைக்கும்?

காற்று தின்னும் எண்ணெய்

எரிபொருளின் சக்தியில் பெரும் பகுதி வெப்பமாகப் போய்விடுகிறது. மீதிதான் சக்கரத்துக்கு வந்து சேருகிறது. வண்டி வேகமாக ஓடும்போது, அதிலும் ஒரு பெரிய பங்கைக் காற்று தின்று விடுகிறது!

எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். வேகம் 2 மடங்கானால் காற்றின் எதிர்ப்பு 4 மடங்காகும்.

எட்வின் சால்ட்ஸ்மன் என்பவர் நாசா என்ஜினீயர். கலிபோர்னியாவில் சைக்கிளில் வேலைக்குப் போவார். லாரிகள் கடந்து போகும்போது காற்று அவரைத் தள்ளும், பிறகு இழுக்கும். 'லாரி இவ்வளவு காற்றை வீணாகத் தள்ளுகிறதே!' என்று அவர் யோசித்தார்.

ஒரு பழைய வேனுக்கு அலுமினியத் தகடு அடித்துச் சதுரப் பெட்டி போல ஆக்கினார்கள். அதை வேகமாக ஓட்டி, கியரை விடுவித்து, வேகம் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். பிறகு மூலைகளை வளைவாக்கினார்கள். காற்றின் எதிர்ப்பு பாதிக்கும் மேல் குறைந்தது!

கூரை மேல் ஒரு தகடு

இந்தச் சோதனைக்கு முன்பே காற்றின் சூட்சுமத்தைப் பிடித்தவர் வால்டர் செல்டன் சாண்டர்ஸ்.

பெரிய லாரியில் டிரைவர் அறை தாழ்வாக இருக்கும். பின்னால் உள்ள சரக்குப் பெட்டி உயரமாக இருக்கும். அந்த உயரமான சுவரில் காற்று மோதும். சாண்டர்ஸ், டிரைவர் அறையின் கூரை மேல் ஒரு தகட்டை நிறுத்தினார். காற்று சுவரில் மோதாமல் விலகிச் சென்றது!

1966-ல் அவருக்குப் பேடண்டு கிடைத்தது. அதாவது, அனுமதி இல்லாமல் பிறர் அதைச் செய்து விற்கக் கூடாது. ரட்கின்-வைலி என்ற கம்பெனி அதை 'ஏர்ஷீல்டு' என்ற பெயரில் விற்றது.

பிறகு யூனிராயல் என்ற மாபெரும் டயர் கம்பெனி அந்தப் பேடண்டை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனது. கீழ்க் கோர்ட்டில் ரட்கின்-வைலி தோற்றது. ஆனால் 1988-ல் மேல் கோர்ட்டு, பேடண்டு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது!

தொழில் தொடங்குவோருக்கு

முதலாவது, சோதனை. ஒரே மாதிரியான 2 லாரிகளை ஒரே பாதையில் ஓட்டுகிறார்கள். ஓடும் முன்னும் பின்னும் எண்ணெய்த் தொட்டியைத் தராசில் நிறுக்கிறார்கள். பிறகு ஒரு லாரியில் மட்டும் கருவியை மாட்டி, மறுபடியும் ஓட்டுகிறார்கள். இப்படிப் பல முறை! காற்று, மழை, வெயில் எல்லாம் இரண்டு லாரிக்கும் பொது. ஆகவே வித்தியாசம் வந்தால் அது கருவியால் வந்ததுதான்.

இரண்டாவது, சட்டம். புகையைக் கட்டுப்படுத்தும் பாகத்தில் கை வைப்பது அமெரிக்காவில் குற்றம். கலிபோர்னியாவில் அத்தகைய உதிரிப் பாகத்தை விற்க முன் அனுமதி வேண்டும். வண்டியின் வெளியே மாட்டும் காற்றுத் தகட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, வாய் அடக்கம். பொய் விளம்பரம் செய்தவர்கள் மீது அந்த நாட்டு அரசாங்கம் வழக்குப் போட்டிருக்கிறது. 5 சதவீதம் மிச்சமானால் 5 என்றே சொல்ல வேண்டும். நாள் முழுவதும் ஓடும் லாரிக்காரருக்கு அதுவே பெரிய லாபம்!

வாங்குகிறவர்களும் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "கருவி இல்லாமல் எவ்வளவு எண்ணெய் ஆயிற்று? மாட்டிய பிறகு எவ்வளவு ஆயிற்று?"

கணக்கைக் காட்டுபவரிடம் வாங்கலாம். கதை சொல்பவரைக் கும்பிட்டு அனுப்பிவிடலாம்!